ஒரு ஸலாம் கடந்த தூரம்

ஹிஜ்ரி 726, அதாவது கி.பி. 1326ஆம் ஆண்டு. எகிப்தின் கடற்கரை நகரமான இஸ்கந்தரிய்யாவுக்கு ஓர் இளைஞர் வந்து சேர்ந்தார். மொராக்கோ நாட்டின் தன்ஜா நகரம் அவருடைய சொந்த ஊர், வயது இருபத்திரண்டு. ஹஜ்ஜுக் கடமையை நிறைவேற்றுவதற்காக வீட்டை விட்டுப் புறப்பட்டவர். அந்நகரில் வாழ்ந்த புர்ஹானுத்தீன் அல்அஃரஜ் என்னும் பெரியாரின் இல்லத்தில் மூன்று நாட்கள் விருந்தினராகத் தங்கினார்.

இளைஞரின் கண்களில் பயண வேட்கையைக் கண்ட அப்பெரியார் அவரிடம் ஒரு பொறுப்பை ஒப்படைத்தார். இந்தியாவில் ஃபரீதுத்தீன் என்ற சகோதரர் இருக்கிறார். சிந்துவில் ருக்னுத்தீன் என்ற சகோதரர் இருக்கிறார். சீனாவில் புர்ஹானுத்தீன் என்ற சகோதரர் இருக்கிறார். அவர்களைச் சந்திக்கும்போது என் ஸலாமைச் சொல்லுங்கள் என்றார். அந்த இளைஞரோ அதுவரை இந்தியாவையும் சீனாவையும் பற்றி எண்ணியும் பார்த்ததில்லை! ஆயினும் ஸலாமைப் பெற்றுக்கொண்டார். ஆண்டுகள் பல உருண்டோடின. பாலைவனங்களையும் கடல்களையும் கடந்த அவர், அம்மூவரையும் ஒருவர் பின் ஒருவராகச் சந்தித்து, ஒப்படைக்கப்பட்ட ஸலாமை உரியவர்களிடம் சேர்த்துவிட்டதாகத் தம் பயண நூலில் பதிவு செய்திருக்கிறார்.

அந்த இளைஞர்தாம் உலகம் போற்றும் பயணி இப்னு பதூதா (ரஹ்) அவர்கள்.

அன்பார்ந்த வாசகர்களே! சற்று எண்ணிப் பாருங்கள். தபால் இல்லை, தந்தி இல்லை, தொலைபேசி இல்லை. எகிப்தில் இருந்த ஒருவருக்கும் சீனாவில் இருந்த ஒருவருக்கும் இடையே இருந்ததெல்லாம் ஒரே ஒரு மனிதர். அவருடைய நெஞ்சில் இருந்த ஓர் அமானிதம். அவ்வளவே! அந்த ஒரு மனிதர் மறந்திருந்தால்?

இக்கட்டுரை அந்தக் கேள்வியைப் பற்றியதே.

"நீங்கள் யார் வீட்டுப் பிள்ளை?"

இரயில் பயணத்தில் எதிரே அமர்ந்திருப்பவர் முன்பின் அறியாதவர். "எந்த ஊர்?" என்று பேச்சு தொடங்குகிறது. அடுத்து, "அங்கே எந்தத் தெரு?" என்கிறார். பிறகு, "யார் வீட்டுப் பிள்ளை?" என்ற கேள்வி வருகிறது. கால்மணி நேரம் கழிவதற்குள், அவர் நம் பெரியம்மாவின் சம்பந்தி வீட்டாருக்குச் சொந்தக்காரர் என்பதோ, நம் மச்சானோடு துபாயில் ஒரே அறையில் தங்கியிருந்தவர் என்பதோ தெரிய வருகிறது. உடனே இருவரும் வியந்து, "உலகம் எவ்வளவு சிறியது!" என்கின்றோம். சோற்றுப் பொட்டலம் பிரிக்கப்படுகிறது, பங்கிட்டு உண்ணப்படுகிறது.

இது வெறும் தற்செயலா? அல்லது மனித குலத்தின் அமைப்பே அப்படிப்பட்டதா? இந்தக் கேள்வியை அறிஞர்கள் சென்ற நூற்றாண்டிலிருந்தே ஆராய்ந்து வருகின்றனர்.

அங்கேரி நாட்டு எழுத்தாளர் ஃபிரிஜெஸ் கரிந்தி 1929ஆம் ஆண்டில் எழுதிய ஒரு சிறுகதையில் ஒரு விளையாட்டு வருகிறது. உலகில் யாரேனும் ஒருவருடைய பெயரைச் சொல்லுங்கள். எனக்குத் தெரிந்தவர், அவருக்குத் தெரிந்தவர் என்று ஐந்து பேருக்கு மேற்படாமல் அவரிடம் போய்ச் சேர்ந்து காட்டுகிறேன் என்பதுதான் அந்த விளையாட்டு. கதையில் வந்த இந்தக் கற்பனை பின்னாளில் ஓர் ஆய்வுத் துறையாகவே வளர்ந்தது.

கணக்குப் போட்டுப் பார்த்தால் அதில் வியப்பும் இல்லை. ஒருவருக்கு நூறு பேரைத் தெரியும் என்று வைத்துக்கொள்வோம். அந்த நூறு பேருக்கும் தலைக்கு நூறு பேரைத் தெரிந்தால் பத்தாயிரம். மூன்றாம் படியில் பத்து இலட்சம். நான்காம் படியில் பத்துக் கோடி. ஐந்தாம் படியில் ஆயிரம் கோடி! உலக மக்கள் தொகை 2022ஆம் ஆண்டில்தான் எண்ணூறு கோடியைத் தொட்டது. அப்படியானால் ஐந்து படிகளுக்குள் உலகமே அடங்கிவிட வேண்டுமே!

ஆனால் நடைமுறை இவ்வளவு எளிதன்று. எனக்குத் தெரிந்த நூறு பேரைத்தான் என் தம்பிக்கும் தெரியும். என் பக்கத்து வீட்டாருக்கும் தெரியும். ஒரே மஹல்லாவைச் சேர்ந்தவர்கள் ஒருவரையொருவர் சுற்றிச் சுற்றி அறிந்திருப்பார்களே தவிர, வெளியே நீளும் கைகள் குறைவு. எனவே, கணக்கு சொல்வது உண்மைதானா என்று சோதித்தே அறிய வேண்டியிருந்தது.

கைமாறிச் சென்ற கடிதங்கள்

அச்சோதனையை அமெரிக்காவில் 1960களில் செய்தவர் ஸ்டான்லி மில்கிராம் என்னும் உளவியல் பேராசிரியர். அவர் கையாண்ட முறை மிக எளிமையானது. தொலைவில் உள்ள ஓர் ஊரில் சிலரைத் தேர்ந்தெடுத்து, ஆளுக்கோர் உறையைக் கொடுத்தார். உறை போய்ச் சேர வேண்டியவரின் பெயர், தொழில், ஊர் ஆகியவை அதில் குறிக்கப்பட்டிருந்தன. அவரை நேரடியாகத் தெரியாவிட்டால், தமக்கு நன்கு அறிமுகமான ஒருவருக்கு மட்டுமே உறையை அனுப்ப வேண்டும். அவரும் அவ்வாறே செய்ய வேண்டும் என்பது நிபந்தனை.

முதல் சோதனையில் ஒரு நிகழ்ச்சி. கன்சாஸ் மாநிலத்தில் கோதுமை பயிரிடும் ஒரு விவசாயியிடம் உறை தரப்பட்டது. அது சேர வேண்டியதோ கேம்பிரிட்ஜ் நகரில் மதக் கல்வி பயிலும் ஒரு மாணவரின் மனைவியிடம். விவசாயி தம் ஊர்ப் பாதிரியாரிடம் கொடுத்தார். அவர் கேம்பிரிட்ஜில் மதக் கல்லூரி ஒன்றில் பாடம் நடத்தும் மற்றொரு பாதிரியாருக்கு அனுப்பினார். அவர் அந்தப் பெண்மணியிடமே நேரில் கொடுத்துவிட்டார். புறப்பட்ட நான்காம் நாளில், இடையே இரண்டே பேருடன், உறை வீடு வந்து சேர்ந்துவிட்டது!

இதனைப் படித்தபோது மதரஸாவில் பணிபுரியும் எனக்கு ஒரு புன்னகை தோன்றியது. எந்தச் சமயமாயினும் போதிப்பவரிடம் நான்கு ஊர்த் தொடர்பு இருக்கத்தான் செய்கிறது போலும்!

பெரிய அளவில் நடந்த அடுத்த சோதனையின் முடிவுகள் 1969ஆம் ஆண்டில் வெளியாயின. அதில் 296 பேர் தொடக்கப் புள்ளிகள். அவர்களுள் பெரும்பாலோர் நெப்ராஸ்கா மாநிலத்தவர். உறை சேர வேண்டியவர் பாஸ்டன் நகரில் பணிபுரிந்த ஒரு பங்குத் தரகர். இறுதியில் அவரை அடைந்த உறைகள் 64. அவற்றின் இடையே நின்றவர்களின் சராசரி எண்ணிக்கை 5.2. ஏறத்தாழ ஐந்து இடையாட்கள், ஆறு கைமாற்றங்கள்! உலகில் எவரும் எவரிடமிருந்தும் ஆறு படி தொலைவில்தான் இருக்கிறார் என்று இன்று வழங்கும் பேச்சு இவ்வாறு பிறந்ததே. 1990ஆம் ஆண்டில் அமெரிக்காவில் இதே பெயரில் ஒரு நாடகமும் மேடையேறியது. 2011ஆம் ஆண்டில் ஃபேஸ்புக்கில் இருந்த 72 கோடியே 10 இலட்சம் பேரின் நட்புத் தொடர்புகளைக் கணினி கொண்டு அளந்தபோது, எவ்விருவருக்கும் இடைப்பட்ட சராசரித் தொலைவு ஐந்து படிக்கும் குறைவாகவே, 4.74 ஆக, இருந்தது.

சேராமற் போன கடிதங்கள்

எல்லோரும் இந்த ஆறு என்ற எண்ணைக் கண்டு வியக்கின்றார்கள். நான் உங்கள் கவனத்தைத் திருப்ப விரும்புவது இன்னோர் எண்ணின் பக்கம். 296 பேரில் 64 பேருடைய உறைதான் சேர்ந்தது என்றால், மீதி எங்கே போயிற்று?

முதலில் உறையைப் பெற்றவர்களில் 217 பேர்தான் அதை அடுத்தவருக்கு அனுப்பினார்கள். மற்றவர்களின் உறை முதல் வீட்டையே தாண்டவில்லை! அனுப்பப்பட்டவையும் வழியில் யாரோ ஒருவருடைய மேசையிலோ, அலமாரியிலோ தங்கிவிட்டன.

2003ஆம் ஆண்டில் மின்னஞ்சல் வழியாக இதைப் போன்ற சோதனை ஒன்று உலக அளவில் நடந்தது. 13 நாடுகளைச் சேர்ந்த 18 பேர் இலக்குகள். தொடங்கிய சங்கிலிகள் 24,163. இலக்கை அடைந்தவை எத்தனை தெரியுமா? வெறும் 384! இடையில் நிறுத்திவிட்டவர்களிடம் காரணம் கேட்டார்கள். அடுத்து யாருக்கு அனுப்புவது என்று தெரியவில்லை என்றவர்கள் ஆயிரத்தில் மூவர் மட்டுமே. வழி அடைபட்டதால் நின்ற சங்கிலிகள் அரிது. "நமக்கென்ன?" என்ற அலட்சியத்தால் நின்றவையே மிகுதி.

ஆம்! மனிதர்களுக்கு இடையே பாதை இருக்கிறது. அதுவும் குறுகிய பாதை. பாதையில் நிற்கும் மனிதர் கையை நீட்டாததே குறை.

நான் அறுத்த ஒரு கண்ணி

மற்றவர்களைக் குறை சொல்லிவிட்டு நான் ஒதுங்கிக்கொள்ள முடியாது. நடந்ததைச் சொல்கிறேன்.

அரபிக் கல்லூரியில் ஓதிக் கொண்டிருந்த காலம். ரமளான் விடுமுறைக்காக ஊருக்குப் பேருந்தில் வந்துகொண்டிருந்தேன். பக்கத்தில் அமர்ந்திருந்த முதியவர் என் தொப்பியைப் பார்த்து ஸலாம் சொல்லி, ஊரை விசாரித்தார். ஊர்ப் பெயரைக் கேட்டதும் அவர் முகம் மாறியது. எங்கள் தெருவுக்கு இரண்டு தெரு தள்ளிக் குடியிருந்த ஒரு பெரியவரின் பெயரைச் சொன்னார். இருவரும் ஒரு காலத்தில் கூட்டாகத் தோல் வியாபாரம் செய்தவர்களாம். பணக் கணக்கில் மனத்தாங்கல் ஏற்பட்டுப் பிரிந்தவர்களாம். "தம்பி, அவருக்கு என் ஸலாமைச் சொல்லுங்கள். அந்தக் கணக்கை நான் ஹலாலாக்கிவிட்டேன் என்று மறக்காமல் சொல்லுங்கள்" என்றார். தம் பெயரையும் சொன்னார். வழியில் ஓரிடத்தில் இறங்கிப் போய்விட்டார்.

ஊர் வந்து சேர்ந்தேன். நோன்பு, தராவீஹ், உறவினர் வீடுகள் என்று நாட்கள் ஓடின. நாளைக்குப் போகலாம், நாளைக்குப் போகலாம் என்று தள்ளிப் போட்டேன். இரண்டு தெரு தூரம்தான்! பெருநாள் முடிந்து நான்காம் நாள் காலை, பள்ளிவாசல் ஒலிபெருக்கியில் அந்தப் பெரியவரின் மவுத்துச் செய்தி வந்தது.

ஜனாஸா அடக்கம் முடிந்த பின் அவருடைய மூத்த மகனிடம் சென்று செய்தியைச் சொன்னேன். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். "அத்தா கடைசி மாதம் முழுவதும் அதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தார்கள். என்னிடம் ஒரு மனிதருடைய பணம் நின்றுபோய்விட்டது, அவரைத் தேடிக் கொடுத்துவிடுங்கள் என்று வஸிய்யத்தும் செய்தார்கள். அவர் எங்கே இருக்கிறார்? பெயர் என்ன சொன்னார்?" என்று கேட்டார்.

பெயர்! எவ்வளவு முயன்றும் எனக்கு அது நினைவுக்கு வரவில்லை. எந்த ஊரில் இறங்கினார் என்பதையும் நான் கவனித்திருக்கவில்லை. அந்தக் கூட்டாளியாகத்தான் இருக்க வேண்டும் என்று எல்லோருக்கும் தோன்றியது. ஆனால் 'தோன்றுகிறது' என்று சொல்லி ஒரு மய்யித்தின் கடனைத் தீர்த்துவிட முடியுமா? ஆலிம்களைக் கலந்து பேசி, அந்தத் தொகையை உரியவரின் பெயரால் ஸதகாச் செய்தார்கள் பிள்ளைகள். கடன் அவ்வாறு தீர்ந்தது. ஆனால் அந்தத் தந்தை நெஞ்சில் பாரத்தோடு போய்விட்டாரே! அந்தப் பாரத்தை இறக்கிவைக்கும் சொல் ஒரு மாதத்திற்கும் மேலாக இரண்டு தெரு தள்ளி என்னிடம் இருந்தது.

யாரேனும் ஒருவர் ஸலாம் சொல்லி அனுப்பி, அதைச் சேர்ப்பதாக நாம் ஏற்றுக்கொண்டால், அது அமானிதம் என்று மார்க்க அறிஞர்கள் எழுதியிருக்கிறார்கள். இதை நான் கிதாபில் ஓதியிருந்தேன். அதன் பொருளை அன்றுதான் விளங்கினேன்.

சங்கிலியின் மதிப்பு

நம் மார்க்கம் நம்மிடம் வந்து சேர்ந்த விதத்தை எண்ணிப் பாருங்கள். ஒவ்வொரு ஹதீஸுக்கும் முன்னால் பெயர்களின் வரிசை ஒன்று இருக்கிறது. அதற்கு ஸனது என்றும் இஸ்னாது என்றும் பெயர். இன்னார் இன்னாரிடம் கேட்டார், அவர் இன்னாரிடம் கேட்டார் என்று அது நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் வரை சென்று முடியும். இமாம் மாலிக் (ரஹ்) அவர்களுக்கும் நபிகள் நாயகம் (ஸல்) அவர்களுக்கும் இடையே சில ஹதீஸ்களில் இரண்டே பேர்: நாஃபிஉ (ரஹ்), அப்துல்லாஹ் இப்னு உமர் (ரலி). ஹதீஸ் கலையினர் இதனைத் 'தங்கச் சங்கிலி' என்றே அழைத்தனர். ஹிஜ்ரி 256இல் மறைந்த இமாம் புகாரி (ரஹ்) அவர்களுடைய நூலிலும், இடையில் மூன்றே அறிவிப்பாளர்கள் உள்ள ஹதீஸ்கள் 22 இருக்கின்றன. இரண்டு நூற்றாண்டுக்கும் மேற்பட்ட காலத்தை மூன்று நெஞ்சங்கள் தாங்கி நின்றன!

அந்த மூவருள் ஒருவர் சோம்பியிருந்தால்? ஒருவருடைய நினைவு பிசகியிருந்தால்? அதனால்தான் முஹத்திஸ்கள் சங்கிலியின் ஒவ்வொரு கண்ணியையும் தட்டிப் பார்த்தார்கள். இவர் உண்மையாளரா? நினைவாற்றல் உள்ளவரா? தமக்கு அறிவித்தவரை நேரில் சந்தித்தவரா? இவற்றையெல்லாம் ஆராய்வதற்கென்றே அறிவிப்பாளர்களின் வரலாற்றுக் கலை ஒன்றை உருவாக்கினார்கள். தொடர் முழுமையாக இருந்தால் 'முத்தஸில்' என்றார்கள். இடையில் அறுந்திருந்தால் 'முன்கதிஃ' என்றார்கள். ஆள் இன்னார் என்று தெரியாவிட்டால் 'மஜ்ஹூல்' என்று ஒதுக்கினார்கள். பேருந்தில் கேட்ட பெயரை மறந்த நான் எந்த வகை அறிவிப்பாளன் என்பதை நீங்களே முடிவு செய்துகொள்ளலாம்!

ஜாபிர் இப்னு அப்தில்லாஹ் (ரலி) அவர்கள், அப்துல்லாஹ் இப்னு உனைஸ் (ரலி) அவர்களிடம் ஒரே ஒரு ஹதீஸை நேரில் கேட்பதற்காக ஒரு மாதப் பயணம் மேற்கொண்ட வரலாறு நாம் அறிந்ததே. ஒரு கண்ணியைக் குறைத்து, மூலத்திற்கு இன்னும் ஒரு படி நெருங்க வேண்டும் என்ற ஆவல் அது! இறுதி ஹஜ்ஜின்போது அண்ணலார் (ஸல்) அவர்கள், அங்கு வந்திருந்தவர்கள் வராதவர்களுக்கு எடுத்துச் சொல்ல வேண்டும் என்று பணித்தார்கள். அந்தப் பணி அன்று அரஃபா, மினாவில் நின்றவர்களோடு முடிந்துவிடவில்லை.

தூரத்துப் பழக்கத்தின் வலிமை

நெருங்கிய உறவுகள்தாம் நமக்கு உதவும் என்று நாம் எண்ணுகிறோம். ஆபத்தில் ஓடிவருபவர்கள் அவர்கள்தாம், ஐயமில்லை. ஆனால் புதிய செய்தியும் புதிய வாய்ப்பும் பெரும்பாலும் வேறு திசையிலிருந்து வருகின்றன. அமெரிக்கச் சமூகவியலாளர் மார்க் கிரானோவெட்டர் 1973ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வு இதனைக் காட்டியது. தெரிந்தவர் மூலம் வேலை கிடைத்தவர்களிடம், அந்தத் தெரிந்தவரை எவ்வளவு அடிக்கடி சந்திப்பீர்கள் என்று அவர் கேட்டார். அடிக்கடி சந்திப்பதாகச் சொன்னவர்கள் நூற்றுக்குப் பதினேழு பேர்கூட இல்லை. பாதிக்கு மேற்பட்டோர் எப்போதாவது சந்திப்பதாகவும், நூற்றுக்கு 28 பேர் அரிதாகவே சந்திப்பதாகவும் சொன்னார்கள்.

காரணம் எளிது. நம் வீட்டில் உள்ளவர்களுக்குத் தெரிந்தது நமக்கும் தெரியும். பல ஆண்டுகளுக்கு முன் உடன் படித்தவருக்கோ நாம் அறியாத வேறோர் உலகம் தெரியும். 1998ஆம் ஆண்டில் வாட்ஸ், ஸ்ட்ரோகாட்ஸ் என்ற இருவர் இதனைக் கணித முறையில் காட்டினார்கள். பக்கத்தாரை மட்டுமே அறிந்த மனிதர்கள் நிறைந்த உலகில் ஒரு செய்தி ஊர் ஊராக நகர வேண்டும். அங்கே தொலைதூரத் தொடர்புகள் மிகச் சில சேர்ந்தாலே போதும். உலகம் முழுவதும் திடீரெனச் சுருங்கிவிடும். வளைகுடாவிலும் மலேசியாவிலும் இருக்கும் ஒவ்வொரு சபராளியும் தம் ஊருக்கு அத்தகைய ஒரு கண்ணியே. அவர் ஒருவருக்கு விசா விவரம் சொன்னால் ஒரு குடும்பம் வாழ்கிறது. போலி ஏஜெண்டைப் பற்றி எச்சரித்தால் ஒரு குடும்பம் தப்புகிறது.

சங்கிலி அறுபடும் சுவர்

இன்னும் ஒரு சோதனை உண்டு. அது நம்மைச் சிந்திக்க வைப்பது. 1970ஆம் ஆண்டில் வெளியான அந்த ஆய்வில், லாஸ் ஏஞ்சல்ஸ் நகர வெள்ளையர்களிடம் உறைகள் தரப்பட்டன. நியூயார்க்கில் அவற்றைப் பெற வேண்டியவர்களில் பாதிப் பேர் வெள்ளையர், பாதிப் பேர் கறுப்பர். வெள்ளையரை நோக்கிச் சென்றவற்றில் நூற்றுக்கு 33 சேர்ந்தன. கறுப்பரை நோக்கிச் சென்றவற்றில் நூற்றுக்கு 13தான் சேர்ந்தன. ஊரும் நாடும் ஒன்றே. ஆனால் இரு சமூகங்களுக்கு இடையே நின்ற சுவரில் சங்கிலி மோதி அறுந்தது.

மனிதர்களை ஓர் ஆண், ஒரு பெண்ணிலிருந்து படைத்து, கிளைகளாகவும் கோத்திரங்களாகவும் ஆக்கியது ஒருவரையொருவர் அறிந்துகொள்வதற்காகவே என்று அல்ஹுஜுராத் அத்தியாயத்தின் 13ஆம் வசனத்தில் அல்லாஹ் உணர்த்துகிறான். அறிந்துகொள்வதற்காக! ஒதுங்கிக்கொள்வதற்காக அன்று.

இப்னு பதூதா (ரஹ்) அவர்களின் வாழ்விலேயே இதற்குச் சான்று உண்டு. அதுவும் நம் தமிழகக் கடற்கரையிலேயே உண்டு. 1344ஆம் ஆண்டு வாக்கில் இலங்கையிலிருந்து மஅபர் என்று அரபிகள் அழைத்த நம் கரைக்கு அவர் வந்தபோது, அவருடைய கப்பல் புயலில் சிக்கித் தரைதட்டியது. சேதமுற்ற கப்பலிலேயே இரவைக் கழித்தார். விடிந்ததும் படகில் வந்து அவரைக் கரை சேர்த்தவர்கள் இந்நாட்டு மக்கள், வேற்றுச் சமயத்தவர்கள். தாம் மதுரை சுல்தானுக்கு வேண்டியவர் என்று அவர் சொன்னதை நம்பி, சுல்தானுக்கு எழுதி அனுப்பியவர்களும் அவர்களே! அன்று ஆட்சியில் இருந்த கியாஸுத்தீன் தாமகானி யார் தெரியுமா? இப்னு பதூதா டெல்லியில் மணந்த பெண்ணின் சகோதரியை மணந்தவர். நம் வழக்கில் சொன்னால் சகலை! சுல்தான் உடனே ஆட்களையும் குதிரைகளையும் பல்லக்கையும் அனுப்பி அவரை வரவழைத்தார்.

டெல்லியில் நடந்த ஒரு நிக்காஹ், தமிழகக் கரையில் ஒதுங்கிய ஒருவருக்கு உதவியது. ஆனால் அந்தச் சொந்தத்தை அவரிடம் கொண்டு சேர்த்தவர்கள் பெயர்கூடத் தெரியாத நம் ஊர்க் கடற்கரை மக்கள். நடுவில் அந்தக் கண்ணி இல்லையேல், சுல்தானின் சகலை கரையிலேயே கிடந்திருப்பார்.

தாய்மார்களே! சகோதரிகளே! நோன்புக் கஞ்சியைப் பக்கத்து வீட்டு அம்மாவுக்கு ஒரு தூக்கில் கொடுத்தனுப்புகிறீர்கள். பொங்கலன்று அவர்கள் வீட்டுக் கரும்பு உங்கள் பிள்ளையின் கைக்கு வருகிறது. இதைச் சிறிய காரியம் என்று எண்ணிவிடாதீர்கள். இரு சமூகங்களுக்கு இடையே சுவர் எழுப்ப எத்தனையோ பேர் கல் சுமக்கும் காலத்தில், அந்தத் தூக்குப் பாத்திரம் ஒரு வாசலைத் திறந்து வைத்திருக்கிறது.

பொய்யும் அதே வழியில்தான் வருகிறது

சங்கிலி நல்லதை மட்டுமே சுமக்கும் என்பதில்லை. இன்று கைப்பேசியில் ஒரு வதந்தி கிளம்பினால், அதே ஆறு கைகளைத் தாண்டி நம் வீட்டுக் கூடத்திற்கு வந்துவிடுகிறது. ஸலாமைச் சேர்க்க ஒரு மாதம் தயங்கிய நாம், சரிபார்க்காத செய்தியை ஒரு நொடியில் நாற்பது பேருக்கு அனுப்பிவிடுகிறோம். தீயவன் ஒரு செய்தியைக் கொண்டுவந்தால் தீர விசாரியுங்கள், அறியாமல் ஒரு கூட்டத்தாருக்குத் தீங்கு செய்துவிட்டுப் பின்னர் வருந்தாதீர்கள் என்ற கருத்தை அதே அல்ஹுஜுராத் அத்தியாயத்தின் 6ஆம் வசனம் போதிக்கிறது. சேர்க்க வேண்டியதைச் சேர்ப்பதும் நிறுத்த வேண்டியதை நிறுத்துவதும் ஒரே அமானிதத்தின் இரு பக்கங்கள். யார் சொன்னார், அவருக்கு யார் சொன்னார் என்று கேட்கும் பழக்கம் நம் முன்னோர் நமக்குத் தந்த சொத்து. அதனை வாட்ஸ்அப்பிலும் பயன்படுத்துவோம்.

இன்றே செய்யக் கூடியவை

யாரேனும் ஸலாம் சொல்லி அனுப்பினால், பெயரையும் ஊரையும் குறித்துக்கொள்வோம், தாமதமின்றிச் சேர்ப்போம். சேர்க்க இயலாது எனில் அப்போதே சொல்லிவிடுவோம். வேலை, வைத்தியம், வரன் என்று யாரேனும் விசாரித்தால், எனக்குத் தெரியாது என்று முடித்துவிடாமல், தெரிந்த ஒருவரின் பெயரையாவது சொல்வோம். உரியவரின் அனுமதி பெற்று எண்ணையும் கொடுப்போம். பேச்சற்றுப் போன உறவு எதுவும் இருந்தால், யார் முதலில் என்று பாராமல் நாமே ஸலாம் சொல்வோம். கொடுக்கல் வாங்கல் இருந்தால் உயிரோடு இருக்கும்போதே நேரில் பேசித் தீர்த்துக்கொள்வோம்.

முடிக்கும் முன் மீண்டும் அந்தப் பயணியிடம் செல்வோம். சீனாவின் ஒரு நகரில், மொராக்கோக் கரையோர ஊரான ஸப்தாவைச் சேர்ந்த அல்புஷ்ரி என்பவரை இப்னு பதூதா சந்தித்தார். அந்நிய தேசத்தில் சொந்த மண்ணின் மனிதரைக் கண்டு இருவரும் கண்ணீர் விட்டனர். பல ஆண்டுகள் கழித்து, மொராக்கோவில் சஹாரா பாலைவனத்தின் விளிம்பில் உள்ள ஸிஜில்மாஸா என்னும் ஊரில் ஒரு மார்க்க அறிஞரின் வீட்டில் தங்கினார். அந்த அறிஞர் யார்? சீனாவில் சந்தித்த அந்த அல்புஷ்ரியின் உடன்பிறந்த சகோதரர்! இவ்விருவருக்கும் இடையேதான் எத்துணைத் தொலைவு என்று இப்னு பதூதா வியக்கிறார். அந்தத் தொலைவுக்கு நடுவே நின்ற ஒரே கண்ணி அவரே அல்லவா?

நாமும் யாரோ இருவருக்கு இடையே நின்றுகொண்டிருக்கிறோம். அவர்கள் யார் என்பதுகூட நமக்குத் தெரியாது. நம் கையில் வந்து சேரும் ஸலாமும் செய்தியும் உதவியும் நம்மோடு நின்றுவிடாமல் உரியவரைச் சென்றடைய, வல்ல அல்லாஹ் நம் அனைவரையும் அறுந்துபோகாத கண்ணிகளாக ஆக்கியருள்வானாக! ஆமீன்.